கத்தி படாத குதிரை

சங்கத்து மலருக்கு ஏதாவது அறிவுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கால்நடை மருந்தகங்களில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் டாக்டர்களே, அறிவுரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை அரிக்கும். இந்த மாவட்டத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் முப்பது வருடம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள் நான். மருந்தெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் போனில் தட்டிப் பார்த்துக்கொள்வீர்கள். அதனால் அறிவுரை கிடையாது. ஒரு குதிரையைப் பற்றிச் சொல்கிறேன். அதை நினைத்து ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியாமல் நாலு தடவை எழுந்து நடந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் குதிரை அபூர்வம். கன்னியாகுமரிக் கடற்கரையில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சுற்றும் ஒன்றிரண்டை விட்டால் வருடக்கணக்கில் ஒரு குதிரையைக்கூடப் பார்க்காமல் காலம் தள்ளலாம். அப்படியிருக்க ஒருநாள் காலையில் ஒருவர் மருந்தகத்துக்கு வந்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைக் குதிரை ஒன்று எழுந்திருக்க முயன்று முயன்று மறுபடி படுக்கிறது. மணவாளக்குறிச்சியைத் தாண்டி ஒரு கடற்கரை ஊர். வரிசையில் நின்ற ஆடுகளையெல்லாம் கால்நடை ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. எலும்பும் தோலுமாக இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். குதிரை மினுமினுவென்று இருந்தது! குளிப்பாட்டி, உடம்பைத் துடைத்து, கழுத்தில் பிச்சிப்பூ மாலை போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு பெரிய பேசின் நிறைய மட்டி வாழைப்பழமும் ரொட்டியும் கருப்பட்டியும். அப்புறம்தான் கீழே பார்த்தேன். நாலு குளம்பும் வருடக்கணக்கில் வெட்டாமல் வளர்ந்து, நுனி மேல்நோக்கி வளைந்து, பழைய செருப்பு போலக் கிடந்தன. நிற்கும்போது உடம்பின் பாரமெல்லாம் குதிகாலில் விழுந்தது. பிடரிமயிர் கத்தரிக்கப்படாமல் கண்ணை மூடித் தொங்கியது.

வீட்டுக்காரி செலின். முப்பத்தைந்து வயதிருக்கும். பயந்த முகம்.

"குளம்பு வெட்டி எத்தனை வருசம் ஆச்சு?" என்று கேட்டேன்.

"வெட்டக் கூடாது டாக்டரம்மா."

"யாரு சொன்னா?"

"குதிரை எங்க வீட்டுக்காரருக்க குதிரை. அவரு கல்ஃபுல மீன்பிடி போட்டுல நிக்காரு. அவரு வராம நான் ஒண்ணும் சொல்லதுக்கில்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பூ வைக்கத் தெரியுது, நகம் வெட்டத் தெரியாதா? வாயில்லாத சீவனை இப்படிச் சித்திரவதை பண்ணுகியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? நாளைக்குப் போலீசோட வருவேன். குதிரையை எடுத்துட்டுப் போயிருவோம், பாத்துக்கோ!"

மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் குரல் ஏறியது. ஸ்கூட்டரில் திரும்பும்போது என்மேல் எனக்கே ஒரே பெருமை. சட்டப் பிரிவுகளை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் போனேன். குதிரை இல்லை! பேசின் இல்லை, கயிறு இல்லை, சாணம்கூடக் கூட்டி அள்ளப்பட்டிருந்தது. "வித்தாச்சு" என்று செலின் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இதுதான் என் முதல் தப்பு. குதிரையின் கயிறு அவள் கையில் இருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் வாய்தான். அந்த வாயால் என் நோயாளியை நானே ஊரைவிட்டுத் துரத்தினேன். அடுத்தவர் வீட்டுப் பிராணிக்கு வைத்தியம் பார்க்கிற தொழில் நம்முடையது. அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தால்தான் நாம் டாக்டர். இல்லாவிட்டால் தெருவில் நின்று கத்துகிற ஆள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலோடு அது எங்கே போயிருக்கும், யார் விரட்டி நடத்துகிறார்கள் என்று நினைத்து நினைத்துக் கோபம் முழுக்க என்மேலேயே திரும்பியது.

மூன்றாம் நாள் மருந்தகத்துக்கு ஒருவர் வந்தார். தலை முதல் கால்வரை வெள்ளைத் தூசி. மீன்பிடிக்கப் போகிற ஃபைபர் வள்ளங்களுக்கு ஓட்டை உடைசல் பார்க்கிற பட்டறைக்காரர். இவர் பெயரை நான் அன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"டாக்டரே, குதிரைய வித்தது ஒண்ணும் இல்ல. என் பட்டறைக்குப் பின்னாலதான் நிக்கு. மீன் வண்டியில ஏத்திக் கொண்டு வந்து கட்டிருக்கு. நீங்க போலீசக் கூட்டிட்டு வருவியன்னு அந்தப் பிள்ளைக்குப் பயம்."

நான் துள்ளி எழுந்தேன். "இப்பவே வாரேன்!"

"வாருங்க. ஆனா வாயை இங்க பூட்டி வச்சிட்டு வாருங்க" என்றார்.

பட்டறையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தை அவருடைய ஆள் கிரைண்டர் மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தார். காதைக் கிழிக்கிற சத்தம். பத்தடி தள்ளிக் கட்டியிருந்த குதிரை அதைக் கொஞ்சமும் பொருட்படுத்தவில்லை. மூன்று நாளில் அந்தச் சத்தம் அதற்குப் பழகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் செலின் ஓடிவந்து குதிரைக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"தப்பு என் மேல, மக்கா. நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். "போலீசும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஏன் வெட்டக் கூடாதுன்னு மட்டும் சொல்லு. நான் கேக்கேன்."

வள்ளத்தின் நிழலில் மணலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளும் உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றிருக்கிறார்கள். இதே ஆபரேஷனுக்குப் போன அவளுடைய அக்கா வீடு திரும்பவில்லை. அதனால் இவளும் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறாள், இவள் கணவன் ஜெரோமும் அனுப்பமாட்டேன் என்று நின்றிருக்கிறார். சந்தியாகப்பர் குருசடிக்குப் போய் முழங்காலில் நின்று நேர்ந்திருக்கிறார். சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வருகிற புனிதர் அல்லவா? "என் பொண்டாட்டி ஒடம்புல கத்தி படாம நீரு காப்பாத்தினா, ஒமக்கு ஒரு குதிரை வாங்கி, அது ஒடம்புல கத்தி படாம வளத்து, தேருக்கு முன்னால நடத்திக் காட்டுகேன்." மாத்திரையிலேயே வலி நின்றுபோனது. மறு மாதமே ஜெரோம் கடற்கரையில் சவாரி ஓட்டியவரிடமிருந்து குதிரையை வாங்கிக் கட்டிவிட்டு கல்ஃபுக்குப் போய்விட்டார். போன திருவிழாவுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம்.

கத்தி என்றால் கத்தி மட்டுமா? கத்தரி, அரம், உளி எல்லாமே கத்தியின் சொந்தக்காரர்கள்தான் என்பது செலினின் கணக்கு. ஆகவே குளம்பு வளர்ந்தது, பிடரி வளர்ந்தது. ஊர்க்காரர்களோ நேர்ச்சைக் குதிரைக்கு ஆளுக்கொரு பழமும் கருப்பட்டியுமாகக் கொண்டு கொட்டினார்கள். இனிப்பு மிஞ்சினால் குதிரைக்கு நோவு குளம்பில்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர் முழுக்கச் சேர்ந்து பக்தியோடு அதன் காலைக் கெடுத்துவைத்திருந்தது! இதை எந்தப் பாடப்புத்தகத்தில் படிப்பீர்கள்?

"பங்குச் சாமியாரிட்ட கேட்டா நேர்ச்சையை மாத்தித் தருவாரே" என்றேன்.

"சாமியாரு இன்னைக்கு இருப்பாரு, நாளைக்கு மாறிப் போவாரு. நேர்ச்சை வச்சது சந்தியாகப்பருட்டல்லா" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "டாக்டரம்மா, ஒரு ஊசி போட்டு அன்னைக்கு ஒருநாள் மட்டும் நடக்க வைக்க முடியுமா? ஊசிக்குத் தடையில்ல. எனக்கும் ஊசி போட்டாவ."

முடியும். வலி தெரியாமல் போக ஊசி போட்டால் தேருக்கு முன்னால் ஜம்மென்று நடந்திருக்கும். வலி தெரியாமல் நடந்து நடந்து காலை அடியோடு முடித்துக்கொண்டு, மறுநாள் விழுந்தால் பிறகு எழுந்திருக்காது. உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள், அழுதுகொண்டே கேட்பார்கள். மாட்டேன் என்று சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நான் மாட்டேன் என்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வழி ஒன்றும் தோன்றவில்லை என்பதே உண்மை.

வழி சொன்னவர் பட்டறைக்காரர். "அல்ல டாக்டரே, நான் இந்த வள்ளத்துக்கு எந்தக் கத்தி வைக்கேன்? உப்புத்தாளு வச்சுத் தேய்ச்சுத்தானே எடுக்கேன்! குளம்பு என்ன, ஃபைபரவிட கெட்டியா?"

நான் வாய்பிளந்து அவரைப் பார்த்தேன். கிரைண்டரின் முகத்தில் ஒட்டியிருந்த வட்டமான உப்புத்தாளைக் கழற்றிச் செலினிடம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது தாளுல்லா?"

"தாளுதான்."

"அப்ப சரி" என்றாள்.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். மயக்கத்துக்கு இலேசாக ஓர் ஊசி. ஒவ்வொரு குளம்பிலும் எதுவரை தேய்க்கலாம் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். இந்த வேலையை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை, அவரும் செய்ததில்லை. ஓர் இம்மி அதிகம் போனால் ரத்தம். அவர் கிரைண்டரால் கொஞ்சம் தேய்ப்பார், நான் கையால் தொட்டுச் சூடு பார்ப்பேன், தண்ணீர் விடுவேன், போதும் என்பேன், இன்னும் கொஞ்சம் என்பேன். கடல் உடைத்த வள்ளங்களை நாற்பது வருடம் தடவித் தடவிச் சரிசெய்த கை. கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கமே நின்றது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். முதல் கால் முடிந்து கீழே வைத்தபோது, குளம்பு பட்டென்று மணலில் படிந்தது. ஒருவர் விசிலடித்தார். இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது.

நாலாவது, முன்னங்கால், இடதுபக்கம். தொட்டதும் குதிரை மயக்கத்திலும் உதறியது. குளம்பு அடுப்பில் வைத்த பாத்திரமாகச் சுட்டது. கணுக்காலில் நாடி திக்திக்கென்று துள்ளியது. உள்ளே சீழ் கட்டியிருந்தது. அடிப்பக்கம் கறுப்பாக ஒரு கோடு. அதைக் கீறி வெளியேற்றாவிட்டால் மேல்நோக்கிப் போகும், காலே போகும். தேய்த்து எடுக்கிற இடமில்லை அது. உள்ளே போகிற ஒரு கத்தி முனைதான் வேண்டும்.

செலின் அந்த நேரம் வெந்நீர் எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். பட்டறைக்காரர் என் காதருகில் குனிந்தார். "அவ வர பத்து நிமிசம் ஆவும். சட்டுன்னு கீறி விட்டுருங்க. இங்க நிக்க ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்."

என் கை பைக்குள் போய்விட்டது. மறைக்க மாட்டேன் உங்களிடம், கத்தியின் பிடியைப் பிடித்தும்விட்டேன். குதிரைக்கு நல்லது. அவளுக்கும் ஒரு பாரமில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பத்து நிமிடம் மாதிரி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். வைத்தியப்படி நூற்றுக்கு நூறு சரி, ஆனால் அந்த வீட்டு ஆளுக்குத் தெரியாமல் செய்தால் திருட்டு. ஏற்கெனவே ஒருமுறை மிரட்டினேன், இப்போது ஏமாற்றவும் வேண்டுமா? உப்புத்தாளைக் கையில் தேய்த்துப் பார்த்து என்னை நம்பியவள் அவள். கையை வெளியே எடுத்துப் பையின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

அவள் வந்தாள். சொன்னேன். "செலின், உள்ள சீழ் வச்சிருக்கு. கத்தி வைக்காம முடியாது. வைக்கலைன்னா காலு போவும், பெறவு குதிரையும் போவும். நீ சொன்னா வைக்கேன். சொல்லலைன்னா வைக்கமாட்டேன்."

வெந்நீர் வாளியைக் கீழே வைத்தாள். ஜெரோமுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். கடலுக்குப் போன போட்டு கரைக்கு வர இன்னும் எத்தனை நாளோ. குதிரை வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. மருந்தின் மயக்கம் தெளியத் தொடங்கியிருந்தது. எனக்குள் ஒருத்தி, சீக்கிரம் சொல்லு, சீக்கிரம் சொல்லு என்று கூவிக்கொண்டிருந்தாள். வெளியே நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வேலைக் காலத்திலேயே நான் செய்த கடினமான காரியம் அந்தச் சும்மா இருத்தல்தான்.

செலின் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கு வலிக்குல்லா டாக்டரம்மா?"

"ரொம்ப வலிக்கும்."

"வையுங்க" என்றாள்.

வைத்தேன்! கறுப்புக் கோட்டில் ஒரே கீறல். கரியநிறச் சீழ் பீறிட்டு என் சேலையெல்லாம் தெறித்தது. அந்த நாற்றத்தில் வலைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், எனக்கோ பிச்சிப்பூ மணம்போல இருந்தது. கழுவி, மருந்து வைத்துக் கட்டி, காலைக் கீழே விட்டோம். குதிரை அந்தக் காலைத் தொட்டும் தொடாமலும் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டு நின்று, ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. ஊரே கூச்சல் போட்டது. பட்டறைக்காரர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், நான் அரசாங்க டாக்டர் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. எனக்கும்தான். குதித்துக்கொண்டிருந்தேன்.

குதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் செலின் மணலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன்.

"டாக்டரம்மா, எனக்கும் திரும்ப வந்துட்டு" என்றாள். "நாலு மாசமாச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. ராத்திரி துணியைக் கடிச்சிட்டுக் கெடக்கேன். யாருட்டயும் சொல்லல. சொன்னா நேர்ச்சை பலிக்கலைன்னு ஆயிருமேன்னு பயம். அவருட்டயும் சொல்லல."

ஒரு குதிரையின் நாலு காலையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் நான். அதன் வலியை அது நிற்கிற நிலையிலேயே படித்தவள். அதன் பக்கத்திலேயே தினமும் நின்ற பெண்ணை ஒருமுறையாவது பார்த்தேனா? அவளை நோக்கி நான் முதலில் சொன்னது என்ன? "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" புதிய டாக்டர்களே, பராமரிப்பில்லாத பிராணி ஒன்றைப் பார்த்தால், அந்த வீட்டில் இன்னும் யார் பராமரிப்பில்லாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

"எழும்பு. வண்டியில ஏறு" என்றேன்.

"குதிரை?"

"நான் நிக்கேன். நீ போ மக்கா" என்றார் பட்டறைக்காரர்.

சீழ் தெறித்த சேலையோடேயே அவளை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஓர் ஆட்டோவைப் பிடித்து, நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அந்த வாரமே ஆபரேஷன். அக்காவுக்கு நடந்ததை நினைத்துச் செலின் ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை என் கையை விடவில்லை. உள்ளே போய், நல்லபடியாக வெளியே வந்தாள்.

மறுநாள் நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது போன் அடித்தது. ஜெரோம். அவருடைய போட்டு கரைக்கு வந்துவிட்டது. ஊரிலிருந்து யாரோ முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். போனை அவள் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"யாருட்ட கேட்டுக் குதிரைக்குக் கத்தி வச்சிய?" எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். செலின் தரவில்லை.

"என்னிட்ட கேட்டு" என்றாள். "எனக்கு வச்சதும் என்னிட்ட கேட்டுதான்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். கடல்காற்று மட்டும் போனில் இரைந்தது. பிறகு குரல் வந்தது, வேறு யாரோ பேசுவது போல.

"குதிரை நடக்குதா?"

"பைய நடக்குது. தேருக்கு இந்த வருசம் முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு."

"அது கெடக்கட்டும். நீ நடந்தியா?"

செலின் தையல் வலிக்காமல் இருக்க வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நாளைக்கு நடக்கச் சொல்லிருக்கு" என்றாள்.